சிற்றம்பலமும் பெருவெளியும்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயில் எழுப்பும் முறையைக் 'கர்ஷணம் முதல் பிரதிஷ்டை ஈறாக' என்று ஆன்றோர் தொகுத்துக் கூறுவர். கர்ஷணமாவது உழுதல். ஆகமம் வல்ல ஆசிரியர் முதற்கண் கல்லைத் தேடுவதில்லை; நிலத்தைத் தேடுகின்றார். தேர்ந்த நிலத்தை ஏர் பூட்டி உழுவித்து, விதை விதைத்து, விளைந்த பயிரை ஆனினங்கள் மேயவிட்டு, அவை நடந்தும் படுத்தும் எழுந்த பின்னரே அந்நிலம் இறைவனுக்கு இல்லமாகும் தகுதி பெறுகின்றது. ஆகவே, வானளாவி நிற்கும் இராசகோபுரமாயினும், அதன் அடியில் முதலில் இருந்தது ஓர் உழுத வயல். பசு மேய்ந்த ஒரு வெளி.

தொடக்கத்தில் வெளி வேண்டப்பட்டது போலவே முடிவிலும் வெளி வேண்டப்படுகின்றது. குடமுழுக்குக் கண்ட அன்பர் ஒவ்வொருவரும் இதனைக் கண்கூடாக அறிவர். யாகசாலைப் பந்தலிடத் திறந்த நிலம் வேண்டும். கலசத்தின்மேல் புனித நீர் விழும் அந்த ஒரு நாழிகையில் அண்ணாந்து கைகூப்பி நிற்கும் ஆயிரவர்க்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். தேருக்கு அகன்ற வீதி. தெப்பத்துக்கு நிறைந்த குளம். தீர்த்தவாரிக்கு ஆற்றங்கரை அல்லது கடற்கரை. அருச்சனை மலருக்கு நந்தவனம். ஆனைந்து தரும் பசுவுக்கு மேய்ச்சல் தரை. இவையெல்லாம் முன்னோர் கட்டடம் எழுப்பாது விட்டுவைத்தமையால் நமக்குக் கிடைத்தவை.

திருப்பணி என்றவுடன் கோபுரமும் மண்டபமும் மதிலுமே இக்காலத்தார் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டுவனவே, அவற்றுக்குப் பொருளீந்தோர் போற்றத்தக்கோரே. ஆயினும், கட்டாது காத்த இடமும் ஒரு திருப்பணியே என்பதைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நாட்டின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது. ஊர்கள் நகரங்களாகப் பெருகி, நிலம் பொன்னினும் அரிதாகி வரும் இந்நாளில் அவ்வரலாற்றைக் கற்று உணர்தல் அடியார்க்கும் கொடையாளர்க்கும் இன்றியமையாததாகும்.

அம்பலம் என்னும் பெயர்

தில்லைப் பெருமான் ஆடும் இடத்துக்குத் தமிழ்ச் சான்றோர் இட்டு வழங்கிய பெயர்கள் மூன்று. அம்பலம் என்பது ஒன்று. மன்று என்பது ஒன்று. பொது என்பது மற்றொன்று. இம்மூன்றும் அரண்மனைக்கு உரிய பெயர்கள் அல்ல. மாளிகைக்கு உரியனவும் அல்ல. ஊர் நடுவே, மரத்தடியில், எவர்க்கும் உரியதாய்த் திறந்து கிடந்த இடத்தைப் பண்டைத் தமிழர் மன்றம் என்றும் பொதியில் என்றும் அம்பலம் என்றும் அழைத்தனர். ஊரவர் கூடி வழக்குத் தீர்த்ததும், வழிப்போக்கர் இளைப்பாறியதும், கன்று காலிகள் மாலையில் வந்து அடைந்ததும் அங்கேதான். ஊர்ப் பொதுவிடத்தின் பெயரையே உலகெலாம் உடைய பெருமானின் ஆடரங்கிற்கு இட்டனர் என்றால், அம்முன்னோர் பொதுவிடத்தை எத்துணைப் புனிதமாகக் கருதினர் என்பது தானே விளங்கும்.

சிதம்பரம் என்னும் வடமொழிப் பெயரும் இப்பொருளையே வேறு வகையால் உணர்த்தும். சித்தாகிய அம்பரம், அஃதாவது அறிவு வெளி, என்பது அதன் பொருள். ஐம்பெரும் பூதத் தலங்களுள் தில்லை ஆகாயத் தலம். அங்கே இறைவன் மூவகையாய் வழிபடப்பெறுகின்றான்: கூத்தப் பெருமான் திருமேனி உருவம், படிக இலிங்கம் அருவுருவம், மூன்றாவதாகிய அருவம் திரைக்கு அப்பால் உள்ளது. திரையை நீக்கினால் அங்கே காணப்படுவது பொன் வில்வ மாலை தொங்கும் வெற்றிடமே. சிதம்பர இரகசியம் என்று உலகம் போற்றுவது இவ்வெளியைத்தான். எத்தனையோ மன்னர் பொன் வேய்ந்தும் கல் அடுக்கியும் பெருக்கிய அக்கோயிலின் நெஞ்சகத்தில் எவரும் எதனையும் நிரப்பாது விட்ட ஓரிடம் உள்ளது. அவ்விடமே அக்கோயிலின் உயிர்.

தில்லை காத்த வெளிகள்

கருவறையில் போற்றிய வெளியைத் தில்லை ஊர்ப்புறத்திலும் போற்றியது. நாற்பது ஏக்கர் அளவினதாகச் சொல்லப்பெறும் கோயிலின் எல்லைக்குள்ளேயே சிவகங்கைத் திருக்குளமும் அகன்ற திருமுற்றங்களும் உள்ளன. கோயிலைச் சூழ்ந்து நான்கு தேர் வீதிகள். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் மூலவராகிய கூத்தப் பெருமானே தேரேறி எழுந்தருள்வது வேறெங்கும் காண்டற்கரிய சிறப்பு. அச்சிறப்பு இன்றளவும் நிகழ்கின்றது எனின், அவ்வீதிகளின் அகலத்தைப் பல தலைமுறையினர் குறைக்காது விட்டமையே காரணம்.

தில்லைக்குப் பத்துத் தீர்த்தங்கள் என்பது மரபு. சிவகங்கை, பரமானந்த கூபம் ஆகியன கோயிலினுள் உள்ளவை. இளமையாக்கினார் குளம் என வழங்கும் வியாக்கிரபாத தீர்த்தம், திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் மூழ்கி இளமை பெற்று எழுந்த இடமாகும். அநந்த தீர்த்தம், நாகச்சேரி, பிரம தீர்த்தம், சிவப்பிரியை, திருப்பாற்கடல் முதலியன ஊரின் பல திசைகளிலும் அமைந்தவை. இவற்றின் புராணப் பெருமையை அன்பர் அறிவர். உலகியற் பயனையும் உடன் எண்ணுதல் வேண்டும். தில்லை கொள்ளிடத்துக்கு வடபால் தாழ்ந்த சமவெளியில் கடலுக்கு அணித்தாய் உள்ள ஊர். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைநீர் தங்குதற்கு இடம் வேண்டும். கோடையில் கிணறுகள் வற்றாதிருக்க அந்நீர் நிலத்தில் ஊறவும் வேண்டும். தீர்த்தம் என்று பெயரிட்டுத் தொழுதமையால் அக்குளங்கள் காக்கப்பட்டன. தொழுகை குறைந்த இடங்களில் கரைகள் சுருங்கின, குப்பை சேர்ந்தது, வீடுகள் நெருங்கின.

சோழர் காலத்துக் கொடையாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். முதற் குலோத்துங்கன் (1070–1120), விக்கிரம சோழன் ஆகியோர் காலத்தில் படைத்தலைவனாய் விளங்கிய மணவிற்கூத்தனான நரலோகவீரன் தில்லையிலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளைக் கல்வெட்டுப் பாடல்கள் எடுத்துரைக்கின்றன. அவன் மண்டபம் எடுத்தான், மதில் எடுத்தான். அவற்றோடு நில்லாது, திருக்குளத்தைச் செப்பனிட்டான். நந்தவனமும் தோப்பும் வைத்தான். மாசித் தீர்த்தவாரிக்குப் பெருமான் எழுந்தருளும் கடற்கரை வழியையும் சீர்செய்தான். தில்லைக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் பல. இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்ன தோட்டத்துக்குத் தெற்கு என்று எல்லை குறித்து, பூக்கொய்வார்க்கும் தோட்டம் காப்பார்க்கும் வாழ்வுக்கு வழிவகுத்து, அவர்கள் அக்கொடைகளைக் கல்லில் வெட்டினர். வெறும் நிலத்துக்கு ஏன் இத்துணை எழுத்து? கட்டடம் தன்னைத் தானே காட்டி நிற்கும். வெளியோ எழுத்தும் எல்லையும் இன்றேல் ஒரு தலைமுறையில் மறைந்துபோம். இதனை அறிந்தே அவர்கள் கல்லைச் சான்றாக்கினர்.

இராசராசன் தஞ்சைக் கல்வெட்டுகளும் இவ்வறத்தைக் காட்டுகின்றன. தேவதான ஊர்களை அளந்து வரி விதிக்குங்கால், குடியிருப்பு நத்தமும், கோயில்களும், குளங்களும், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்களும், சுடுகாடும் இறையிலி என்று நீக்கி வைக்கப்பெற்றன. ஊரின் பொது வாழ்வுக்குரிய நிலத்தின்மேல் வரி கூடாது என்பது அரசநெறி. வரிக்குப் புறம்பாக வைத்த நிலமே புறம்போக்கு. எவர்க்கும் உரியது என்பதனால் மதிப்புப் பெற்ற அச்சொல், எவர்க்கும் உரியதன்று, எடுத்தவர்க்கே உரியது என்னும் இழிபொருளில் இக்காலத்து வழங்குதல் வருந்தத்தக்கது.

தில்லை மரத்தின் கதையும் இங்கே கருதத்தக்கது. கோயிற்புராணம் பாடிய உமாபதி சிவாசாரியார், வியாக்கிரபாத முனிவர் வந்து சேர்ந்த இடத்தைத் தில்லை வனம் என்றே போற்றுகின்றார். அவ்வனம் இன்று நகரில் இல்லை. கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளில்தான் தில்லை மரங்களும் அலையாத்தி மரங்களும் தழைத்துள்ளன. தலத்துக்குப் பெயரளித்த மரம் தலத்தை விட்டுக் கடலோரம் ஒதுங்கிற்று. ஒதுங்கிய இடத்திலும் அது தன் கடனை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்து கடலூர்க் கடற்கரையைச் சூறையாடியபோது, பிச்சாவரம் காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதத்தினின்று தப்பின. மனிதர் வெட்டாது விட்ட காடு மனிதரைக் காத்தது.

உழவாரத் திருப்பணி

வெளி தானே நிலைபெறுவதன்று. விட்டுவைத்த இடத்தில் முள் முளைக்கும், புல் மண்டும், பின்னர் வேலி புகும். ஆகலின் வெளியை நாள்தோறும் காத்தல் வேண்டும். இதனை உலகுக்கு உணர்த்திய பெருந்தகை இந்நாட்டில் தோன்றியவரே. பண்ருட்டிக்கு அணித்தாகிய திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் ஆட்கொள்ளப்பெற்று, கல்லுடன் பிணித்துக் கடலில் எறியப்பட்டும் அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறிய திருநாவுக்கரசு சுவாமிகளே அவர். கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

அரசர் பெருமானின் திருக்கையில் விளங்குவது உழவாரப் படை. அதனைத் தாங்கி அவர் எக்கோயிலையும் கட்டவில்லை. தலந்தோறும் சென்று திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினார், முள்ளைக் களைந்தார், அடியார் வலம்வரும் வழியைத் துலக்கினார். ஏழாம் நூற்றாண்டில் பேரரசன் ஒருவனை நெறிப்படுத்திய பெரியார் தமக்கென்று தேர்ந்துகொண்ட தொண்டு, இறைவன் திருமுன் உள்ள வெளியை வெளியாகவே வைத்திருத்தலாம். சைவ உலகம் அவர் திருவுருவத்தை உழவாரமின்றி எழுந்தருளச் செய்வதில்லை. கையால் தொண்டு செய்க என்பதற்கு மட்டுமன்றி, திருவிடத்தை நிரப்பாது துலக்குக என்பதற்கும் அவ்வுழவாரம் அடையாளமாகும்.

இருவகை அளவை

கடலூரில் நிலத்தை அளந்த வேறொரு முறையும் உண்டு. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றனர். அதுவே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப்பட்டது. கோட்டையுடன் அதனைச் சூழ்ந்து பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரை உள்ள நிலமும் அவர்க்கு உரியது என்பது உடன்படிக்கை. பீரங்கி வெடித்தது, குண்டு சென்று விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் அனைத்தும் கம்பெனியார் உடைமையாயின. குண்டு கிராமங்கள் என்று அவை பெயர் பெற்றன. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்னும் பெயர்கள் அவ்வளவையை இன்றும் நினைவூட்டுகின்றன. வலிமை எட்டும் மட்டும் நிலம் எமது என்பது அவ்வளவையின் பொருள்.

அக்குண்டு விழுந்து 177 ஆண்டுகள் கழிந்தபின், கடலூருக்கு மேற்கே, சிதம்பரத்துக்கு வடமேற்கே, செம்மண் மேட்டுநிலத்து எளிய உழவர் வேறோர் அளவையால் நிலத்தை அளந்தனர். அவ்விடம் வடலூர், பார்வதிபுரம் என்பது அப்பகுதியின் பெயர்.

எண்பது காணி

1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு அணித்தாகிய மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றியவர் இராமலிங்க அடிகள். ஐந்து திங்கள் குழந்தையாய் இருந்தபோது பெற்றோர் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், இரகசியத் திரை நீங்கியபோது குழந்தை வாய்விட்டுச் சிரித்தது என்றும் அவர் வரலாறு கூறும். பெரியோர் ஏதும் இல்லை என்று எண்ணும் வெளியில் அக்குழந்தை எல்லாம் கண்டது போலும்! அவ்வெளியே அவர் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. சென்னையில் வாழ்ந்தபின் மீண்டும் இந்நாட்டுக்கு வந்து கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அருட்பா பற்றி அந்நாளைய சைவ அறிஞரிடையே எழுந்த கருத்து வேற்றுமை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை வரலாறு அறியும். அப்பூசல் தணிந்து, சிவாலயங்களில் அருட்பா ஓதப்பெறும் காலம் பின்னர் வந்தது.

பசித்தோர்க்கு நாள்தோறும் உணவளிக்கும் தருமச்சாலை ஒன்று நிறுவ அடிகள் எண்ணியபோது, பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். ஒரு காணி ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது; ஆகவே அக்கொடை ஏறத்தாழ 106 ஏக்கர். கொடுத்தவர் மன்னரல்லர், படைத்தலைவரும் அல்லர். வானம் பார்த்த பூமியில் உழுதுண்டு வாழ்ந்தவர்கள். பீரங்கி எட்டிய அளவு கொண்டவர் ஒருபுறம்; நெஞ்சு எட்டிய அளவு கொடுத்தவர் மற்றொருபுறம். இரண்டும் ஒரே மாவட்டத்து வரலாறுதான்.

1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது எரிந்து வருகின்றது. 1872 சனவரி 25, தைப்பூசத் திருநாளில், எண்கோண வடிவாய் அமைந்த சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. ஏழு திரைகள் நீங்க, கண்ணாடிக்கு அப்பால் ஒளிரும் தீபமே அங்குத் தரிசனம். அடிகள் தில்லையைப் பூர்வஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தரஞான சிதம்பரம் என்றும் வழங்கினார். இதன் உட்பொருள் கருதத்தக்கது. தில்லையில் திரைக்கு அப்பால் இருந்த வெளி, வடலூரில் சபைக்கு இப்பால் விரிந்து கிடக்கின்றது. சபையோ அளவாற் சிறியது. அதனைச் சூழ்ந்த நிலமோ கண்ணெட்டும் மட்டும் பரந்தது. பெருவெளி என்பதே அதன் பெயர். எந்நாட்டவரும் எக்குலத்தவரும் வேறுபாடின்றி ஒருங்கு நின்று சோதியைக் காண வேண்டும் என்னும் கருத்துக்கு அத்தகைய வெளியே தகும். வாயிலும் மதிலும் உள்ள இடத்தில் முன்னிற்பார் யார், பின்னிற்பார் யார் என்னும் வினா எழும். வெளியில் அவ்வினா எழுவதில்லை. எனவே பெருவெளி சபைக்குப் பக்கத்தில் கிடக்கும் காலிமனை அன்று. அது சபையின் ஓர் உறுப்பு.

அடிகள் சங்கம் கண்ட அதே 1865-ஆம் ஆண்டில் கடல் கடந்த இங்கிலாந்தில் பொதுநிலங்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது என்பது வியப்புக்குரியது. இலண்டன் மாநகர் நாற்புறமும் பெருகி, ஏழை மக்கள் ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த பொதுவெளிகளை நிலவுடைமையாளர் வேலியிட்டு அடைத்தபோது, அறிஞர் சிலர் கூடி வழக்குத் தொடுத்து அவற்றை மீட்டனர். எப்பிங் காடு 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பெற்று, இன்றும் அந்நகர மக்களுக்குப் பொதுவாய் நிற்கின்றது. இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் நிலம் முழுதும் தனியுடைமையாகிவிட்டால் எளியோர்க்கு நிற்கவும் இடமிராது என்பதை இருவரும் உணர்ந்தனர்.

வளரும் நகரும் சுருங்கும் வெளியும்

அடிகள் காலத்து வடலூர் சிற்றூர். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடமாதலால் அது வளர்ந்தது. அண்மையில் உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழ 1956-இல் நிறுவனம் அமைந்தபின் அவ்வளர்ச்சி விரைந்தது. சுரங்கம் நாட்டுக்கு மின்னாற்றல் தந்தது. பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. அதே வேளையில் பல ஊர்கள் தம் வயலையும் குளத்தையும் கோயிலையும் விட்டு இடம்பெயர நேர்ந்தது. 2021-இல் வடலூர் நகராட்சியாயிற்று. அவ்வாண்டிலேயே கடலூர் மாநகராட்சியாயிற்று. முந்திரியும் பலாவும் நின்ற செம்மண் நிலம் மனைப்பிரிவுகளாகக் கல் நடப்பெற்றது. வீடு வேண்டுவோர் வீடு கட்டத்தான் செய்வர், அதில் குற்றமில்லை. எதனைக் கட்டாது விடுவது என்பதை முன்னரே முடிவு செய்யாத ஊரில், முடிவு தானே நிகழ்ந்துவிடுகின்றது என்பதே வருத்தத்துக்குரியது.

பெருவெளியும் இதற்கு விலக்காகவில்லை. 106 ஏக்கராக இருந்த கொடைநிலத்தில் சுமார் 71 ஏக்கரே நிலையத்தின் வசம் எஞ்சியுள்ளது என்பது அண்மை ஆண்டுகளில் பெரிதும் பேசப்பட்ட செய்தி. மூன்றில் ஒரு பங்கு கைநழுவிற்று என்பது இதன் பொருள். எவரும் ஒரே நாளில் படையெடுத்து வந்து அதனைக் கவரவில்லை. காவலற்ற வெளி சிறிது சிறிதாகவே குறையும்.

இந்நிலையில், அடிகளின் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, சுமார் 100 கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்று அமைக்க அரசு திட்டமிட்டு, 2024 பிப்ரவரி 17 அன்று அடிக்கல் நாட்டியது. அன்பர் தங்குதற்கும், நூல் பயிலுதற்கும், தியானம் செய்தற்கும் வசதிகள் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் தலத்தில் வசதி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அதற்குத் தேர்ந்த இடம் பெருவெளி. அதுகண்டு சன்மார்க்க அன்பர் பலர் வருந்தினர். ஏப்ரலில், நிலம் ஈந்தோர் வழிவந்த பார்வதிபுரத்து மக்கள் தோண்டிய பள்ளத்திலேயே இறங்கி நின்று வேண்டாம் என்று தடுத்தனர். வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. தோண்டிய இடத்தில் பழஞ்சுவர்ச் சுவடுகள் தோன்றியதாகச் சொல்லப்படவே, தொல்லியல் அறிஞரும் வந்து நோக்க நேர்ந்தது.

அம்மக்கள் மையமே வேண்டாம் என்று மறுக்கவில்லை. வடலூரிலேயே வேறோரிடத்தில் அமைக்க என்றனர். அரசும் அடிகளின் பெருமையைக் குறைக்க எண்ணவில்லை. அதனை உலகறியச் செய்யவே எண்ணியது. இருதிறத்தாரும் ஒருவரையே போற்றுகின்றனர். ஒருவர் அவரைக் கட்டிப் போற்ற விழைகின்றனர். மற்றவர் அவர் விட்டதை விட்டபடியே வைத்துப் போற்ற விழைகின்றனர். சட்டம் இவ்வழக்கில் எவ்வாறு தீர்ப்பினும், சைவ நெறியில் நின்று நோக்குவார்க்குச் சிதம்பர இரகசியத்தின் திரையே இதற்கு விடை கூறும். வெற்றிடம் என்று கருதி அங்கே ஒரு பொற்சிங்காதனம் இட்டு நிரப்பினால் அழகு கூடும் என்று ஒருவர் சொல்வாராயின், நாம் உடன்படுவோமா? தில்லையில் உடன்படாத ஒன்றுக்கு உத்தர தில்லையில் எங்ஙனம் உடன்படுவது?

கொடுத்தவர் கருத்தும் உண்டு. எண்பது காணியை ஈந்த உழவர் நிலமாகவே ஈந்தனர். கொடையின் பயன் கொடுத்தான் கருத்தோடு ஒட்டியது என்பது அறநூல் முடிபு. மண்டபத்துக்குத் தந்த பொன்னை மதிலுக்குச் செலவிடுதலும் கூடாது என்பர் பழையோர். அவ்வாறிருக்க, வெளிக்குத் தந்த நிலத்தை மண்டபத்துக்கு ஆக்குதல் ஆராய்ந்து செய்யத்தக்க செயலாகும்.

கொடையாளர் கடன்

இவ்வரலாறு வடலூர்க்கு மட்டும் உரியதன்று. திருப்பாதிரிப்புலியூரில் தலமரமாகிய பாதிரி ஊருக்கே பெயராயிற்று. அம்மரம் ஊர்த் தெருக்களில் எத்தனை நிற்கின்றது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் சுற்றூர்த் தெய்வங்கள் பல எழுந்தருள்கின்றன; கிள்ளைக் கடற்கரைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் எழுந்தருள, வழியில் இசுலாமியப் பெருமக்களும் சிறப்புச் செய்து வரவேற்கின்றனர். கடற்கரை எவர்க்கும் பொதுவாய் இருப்பதனால்தான் இவ்வொருமை நிகழ்கின்றது. 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, ஏரியும் குளமும் வடிகாலும் சுருங்கியதன் பயனை மக்கள் நேரே கண்டனர்.

நாட்டின் சட்டமும் இன்று வெளியின் பக்கம் நிற்கின்றது. 2011 சனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், சிற்றூர்ப் பொதுநிலங்களைக் கவர்ந்தோரை அகற்றி அவற்றை ஊர்க்கே மீட்டுத் தருக என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2021-இல் தமிழக அறநிலையத் துறை திருக்கோயில் நில ஆவணங்களைப் பொதுமக்கள் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது. அன்று கல்லில் வெட்டியதை இன்று எவரும் வீட்டிலிருந்தே நோக்கலாம். நோக்குவார் வேண்டும், அதுவே குறை.

ஆகவே, குடமுழுக்குக்கு வாரி வழங்கிய அன்பர்கள் தம் அடுத்த கொடையை எண்ணுங்கால் சிலவற்றைக் கருதுவாராக. தம் ஊர்த் திருக்கோயிலுக்கு நந்தவனம் உண்டா, அதன் எல்லைக் கற்கள் நிற்கின்றனவா என்று வினவுக. திருக்குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலும் மிகுநீர் செல்லும் வழியும் அடைபடாது உள்ளனவா என்று நடந்து காண்க. தேர் முட்டி நிற்கும் வீதியில் கடை நீண்டுள்ளதாயின் அன்பாற் சொல்லித் திருத்துக. தலமரத்தின் கன்றுகளை வளர்த்துத் தெருவுக்கு ஒன்று நடுக. புதியதொரு மண்டபம் கட்ட எண்ணுவோர், அம்மண்டபம் எவ்வெளியின்மேல் எழும் என்று ஒருமுறை நின்று எண்ணுக. கட்டிய மண்டபத்தில் கொடையாளர் பெயர் பொறிக்கப்படும். காத்த வெளியில் எப்பெயரும் பொறிக்கப்படுவதில்லை. பார்வதிபுரத்து உழவர் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவர்? ஆயினும் ஒவ்வொரு தைப்பூசத்திலும் இலட்சக்கணக்கானோர் அவர்கள் நிலத்தில் நின்றே சோதியைக் காண்கின்றனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் குடமுழுக்கு வரும். அன்று யாகசாலை இடுவதற்கு நிலம் இருக்குமா, கூடும் மக்கள் நின்று அண்ணாந்து நோக்க இடம் இருக்குமா என்பன இன்றே எண்ணத்தக்கன. இடம் இருக்குமாறு செய்தலும், இன்று கலசம் ஏற்றியதனோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க திருப்பணியாகும். அம்பலத்தை ஆடரங்காகக் கொண்ட பெருமான், அம்பலங்களைக் காப்பார்க்குத் துணை நின்று அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்